குழாய் சத்தம்: பொருளை மாற்றுவதற்கு முன் காரணத்தைக் கண்டறிவோம்



பைப், பிட்டிங்ஸ், மோட்டார், கீசர் விற்கும் நம் உறுப்பினர்களின் கடைகளுக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "குழாய் தடதடன்னு ஆடுது. ராத்திரி தூங்க முடியல. எதை வாங்கி மாட்டணும்?" என்பார் வாடிக்கையாளர். நாமும் பழக்கத்தில் "மோட்டார் பழசா? மாத்திடுங்க" என்றோ, "ஒரு வால்வு போட்டுப் பாருங்க" என்றோ சொல்லிவிடுகிறோம். பொருள் போகிறது, பணம் வருகிறது. நான்கு நாள் கழித்து அதே வாடிக்கையாளர் பிரித்த பெட்டியோடு வந்து நிற்கிறார். சத்தம் அப்படியே இருக்கிறது. திருப்பி எடுத்தால் நமக்கு நட்டம், எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் நட்டம். இரண்டிலும் கெடுவது கடையின் பெயர்.

என் மொத்த விற்பனைக் கடைக்குச் சில்லறைக் கடைகளிலிருந்து திரும்பி வரும் மோட்டார்களையும் வால்வுகளையும் பரிசோதித்துப் பார்த்தால், அவற்றில் பல நல்ல நிலையில் இருக்கின்றன. பழுது பொருளில் இல்லை. நோயைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து கொடுத்ததில்தான் இருக்கிறது. ஆகவே குழாய் சத்தத்துக்கு என்னென்ன காரணங்கள், கல்லாவில் உட்கார்ந்தபடியே அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது: "எப்போது?"

சத்தம் எங்கே கேட்கிறது என்றுதான் வாடிக்கையாளர் சொல்லுவார். "பாத்ரூம் சுவருக்குள்ளே" என்பார். இது அவ்வளவாக உதவாது. குழாய் வழியாகவும் சுவர் வழியாகவும் சத்தம் வெகுதூரம் போகும். மாடியில் உண்டாகும் சத்தம் கீழ்வீட்டுச் சமையலறையில் கேட்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ஃபிளஷ் டேங்க் நம் படுக்கையறையில் கத்தும்.

எப்போது கேட்கிறது என்பதுதான் முக்கியம். ஐந்து கேள்விகள் போதும்.

1. குழாயைத் திறந்திருக்கும்போதா, மூடும் அந்த நொடியிலா?
2. மோட்டார் ஓடும்போதா, நிற்கும்போதா?
3. யாரும் எதையும் திறக்காதபோதும் வருகிறதா?
4. வெந்நீர் எடுக்கும்போது மட்டுமா?
5. சத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் வீட்டில் என்ன புதிதாகப் பொருத்தினார்கள்?

ஐந்தாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. "போன மாசம் பிரஷர் பம்ப் வச்சோம்", "புது வாஷிங் மெஷின் வாங்கினோம்", "பழைய குழாயை எடுத்துட்டு ஸ்டைலா ஒண்ணு மாட்டினோம்" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

மூடும்போது "டக்" என்று அடித்தால்

குழாயில் ஓடும் தண்ணீருக்கு எடை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 30 மீட்டர் நீளம் இருந்தால் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 15 கிலோ. ஓர் எண்ணெய் டின் எடை. அந்த டின் வேகமாக உருண்டு வரும்போது திடீரென்று ஒரு சுவர் குறுக்கே வந்தால் எப்படி இடிக்கும்? குழாயைச் சட்டென்று மூடினால் உள்ளே நடப்பதும் அதுதான். தண்ணீர் நின்ற இடத்தில் அழுத்தம் ஏறி, அந்த அடி குழாய் முழுவதும் முன்னும் பின்னும் ஓடி அடங்குகிறது. இதைத் தண்ணீர்ச் சம்மட்டி அடி என்று சொல்லலாம். நம் தொழிலில் வாட்டர் ஹேமர் என்கிறோம்.

இந்த அடியின் கணக்கை 1897, 1898ஆம் ஆண்டுகளில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி வகுத்தவர் நிகோலாய் ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர். அவர் கணக்குப்படி, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் இரும்புக் குழாயில் திடீரென நின்றால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கிலோ கூடுதலாக ஏறும். பி.வி.சி. குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அதில் 3 முதல் 5 கிலோ வரை ஏறும். மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் இருக்கும் சாதாரண அழுத்தமே 1 கிலோதான். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த அடியின் பலம் புரியும்.

பழைய திருகுக் குழாயை மூட நான்கைந்து சுற்றுச் சுற்ற வேண்டும். தண்ணீர் மெல்ல நின்றது, அடி இல்லை. இப்போது வருபவை கால் சுற்றில் மூடுகிறவை. வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் மின்வால்வு அதைவிட வேகமாக மூடும். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் தண்ணீரின் வேகமும் அதிகம். ஆகவே முன்பு சத்தமே இல்லாத வீட்டில் இந்த மூன்றில் ஒன்று வந்ததும் சத்தம் தொடங்குகிறது. வாடிக்கையாளர் "பைப் மட்டம்" என்று நம்மைத் திட்டுவார்.

இதற்கு விலை குறைந்த பரிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பிரஷர் பம்பின் அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாஷிங் மெஷினுக்குப் போகும் ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் மூடி வைத்தாலே பல வீடுகளில் சத்தம் குறைந்துவிடும். அடுத்தது கிளாம்ப். வெளிச்சுவரில் ஓடும் பிளாஸ்டிக் குழாய்க்கு மூன்று அடிக்கு ஒரு கிளாம்ப் இருக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்று அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அடி விழும்போது குழாய் துள்ளிச் சுவரில் மோதுகிறது. நம் காதில் விழுவது பெரும்பாலும் அந்த மோதல்தான்.

இவ்வளவு செய்தும் நிற்காவிட்டால், அடியை வாங்கிக்கொள்ளும் ஹேமர் அரெஸ்டர் என்ற சிறு உருளையை வாஷிங் மெஷின் அருகில் பொருத்தலாம். சில பிளம்பர்கள் ஒரு டீ போட்டு, மேல்நோக்கி ஒரு முழம் குழாயை நிறுத்தி, நுனியை அடைத்துவிடுவார்கள். அதற்குள் சிக்கும் காற்று அடியைத் தாங்கும். முறை சரிதான். ஆனால் அந்தக் காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்து போய்விடும். பிறகு சத்தம் திரும்பும். அவ்வப்போது லைனைக் காலி செய்தால் மறுபடி காற்று நிறையும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீர் ஓடும்போது "கர்ர்" என்று அதிர்ந்தால்

ஒரே ஒரு குழாயைத் திறந்தால் மட்டும் சத்தம், அதுவும் பாதி திறந்தால் அதிகம், முழுதும் திறந்தால் நின்றுவிடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தக் குழாயின் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே தளர்ந்து ஆடுகிறது. தண்ணீர் அதைத் தள்ளும், அது திரும்ப வந்து உட்காரும்; வினாடிக்குப் பல முறை இப்படித் திறந்து மூடும்போது குழாய் முழுவதும் அதிர்கிறது. சில ரூபாய் வாஷரோடு தீரும் வேலை. புதிய குழாய் விற்க வேண்டிய அவசியம் இல்லை.

எந்தக் குழாயைத் திறந்தாலும் சத்தம் என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் உள்ள கேட் வால்வு பாதி மூடியிருக்கலாம். பழைய கேட் வால்வில் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டு ஆடுவதும் உண்டு. பிடியைச் சுற்றினால் முடிவில்லாமல் சுற்றும். தண்ணீர் அளவு மாறாது. அப்படியானால் வால்வை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சத்தம் "கொளகொள" என்று இருந்து, தண்ணீரும் விட்டுவிட்டு வந்தால் அது காற்று. இறங்கு லைனில், தொட்டி வால்வுக்கு அடுத்தபடியாக ஒரு ஏர் பைப் வைத்து, அதன் வாயைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்திவிட வேண்டும். வீடு கட்டும்போது இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்துவோர் அநேகர்.

மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும்

மோட்டார் ஓடும்போது வரும் சத்தத்தில் நான்கு வகை உண்டு.

மோட்டாரோடு சேர்ந்து மாடி வரை குழாய் "ம்ம்ம்" என்று முனகினால், மோட்டாரைத் தரையில் இறுக்கி, அதிலிருந்து நேராக விறைப்பான குழாயைச் சுவருக்குள் கொண்டு போயிருக்கிறார்கள் என்று பொருள். அடியில் ரப்பர் பேட், டெலிவரியில் வளைந்து கொடுக்கும் ஓர் இணைப்பு, சுவரில் ரப்பர் வைத்த கிளாம்ப் ஆகிய மூன்றும் போதும்.

பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போல் கேட்டால் அது உறிஞ்சும் பக்கத்துக் கோளாறு. ஃபுட் வால்வு சல்லடையில் குப்பை அடைத்திருக்கும், அல்லது சக்சன் பைப் அளவு சிறியதாக இருக்கும், அல்லது தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். தரைமேல் வைக்கும் பம்ப் எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் ஏட்டளவில் 10 மீட்டருக்குச் சற்று மேல், நடைமுறையில் 7 மீட்டர் அளவுக்குத்தான் தண்ணீரை உறிஞ்சும். காரணம், தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். அந்த எல்லையில் பம்பை ஓட்டினால் உள்ளே தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழி விடும். குமிழிகள் உடைந்து இம்பெல்லரை அரிக்கும். இந்த நிலையில் "பெரிய மோட்டார் போடுங்க" என்று சொல்வது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதற்குச் சமம்.

சக்சன் பைப்பில் எங்காவது இணைப்பு லேசாக விட்டிருந்தால் தண்ணீர் கசியாது. காற்று உள்ளே புகும். பம்ப் இரைந்துகொண்டு, தண்ணீர் நுரைத்து வரும். இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினால், விட்ட இடத்தில் அது உள்ளே இழுக்கப்படுவதைப் பார்க்கலாம்.

நான்காவது, காய்ந்த கீச்சொலி. இது பேரிங். மோட்டாரிலேயே பழுது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இந்த நான்கில் இது ஒன்றுதான். இதற்கும் பேரிங்கை மாற்றினால் போதும். மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை.

இனி, மோட்டார் நிற்கும் நொடியில் "தடால்" என்று ஒரே அடி விழுவது. மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டார் நின்றதும் கீழே திரும்புகிறது. நான் ரிட்டர்ன் வால்வின் கதவு மெதுவாக ஆடி, தண்ணீர் வேகமெடுத்த பிறகு அறைந்து மூடுகிறது. ஸ்பிரிங் வைத்த வால்வு தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிவிடும். அதைப் போட்டால் சத்தம் அடங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் இந்தப் புகாருக்கு மோட்டாரையே மாற்றிக் கொடுத்துவிட்டார். மாட்டிய அன்று மாலையே அதே "தடால்". வாடிக்கையாளர் தெருவில் நின்று சத்தம் போட, வேறு வழியின்றி மோட்டாரைத் திருப்பி எடுத்தார். அது பயன்படுத்திய மோட்டார். கம்பெனியும் திரும்ப வாங்கவில்லை. கடைசியில் வேலையை முடித்தது சில நூறு ரூபாய் வால்வு. சத்தம் ஓடும்போதா, நிற்கும்போதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பல ஆயிரம் ரூபாயும், நெடுநாள் வாடிக்கையாளரும் போயிருக்கமாட்டார்கள்.

குழாய் அளவைப் பற்றியும் ஒரு சொல். பம்பின் வாய் ஒன்றரை அங்குலம் இருக்க, விலை குறைவு என்று ரெடியூசர் போட்டு ஓர் அங்குலக் குழாய் கேட்பார்கள். நிமிடத்துக்கு 60 லிட்டர் தண்ணீர் 25 மி.மீ. உள்விட்டக் குழாயில் போனால் அதன் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். அதே தண்ணீர் 40 மி.மீ. குழாயில் போனால் 0.8 மீட்டர்தான். வேகம் குறைந்தால் இரைச்சல் குறையும், அடி குறையும், மின்செலவும் குறையும். பெரிய குழாய் விற்பது நம் லாபத்துக்காக என்று வாடிக்கையாளர் நினைப்பார். இந்தக் கணக்கைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

யாரும் திறக்காதபோது வரும் சத்தம்

நடு இரவில் ஒருவரும் தண்ணீர் எடுக்காதபோது குழாய் உறுமுகிறது என்றால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மிதவை. சம்ப்பிலும் ஃபிளஷ் டேங்கிலும் தண்ணீர் நிறைந்து வரும்போது மிதவை வால்வு மூடத் தொடங்கும். விழும் தண்ணீர் அலையெழுப்ப, மிதவை மேலும் கீழும் ஆட, வால்வு திறந்து மூடித் திறந்து மூடி, நகராட்சிக் குழாய் முழுவதையும் உலுக்கும். இரவில் தெருக்குழாயில் அழுத்தம் கூடும் ஊர்களில் இது அதிகம். சோதிக்க எளிய வழி உண்டு: உறுமும்போது மிதவையைக் கையால் மெல்லத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். சத்தம் உடனே நின்றால் காரணம் அதுதான். வாஷரை மாற்றலாம். தண்ணீர் மேற்பரப்பில் விழாமல் அடியில் போய்ச் சேரும்படி ஒரு துண்டுக் குழாயை இறக்கிவிடலாம். ஆனால் நகராட்சி லைன் சம்ப்பானால், அந்தத் துண்டின் மேல் முனையில் ஒரு சிறு துளை இட வேண்டும். இல்லாவிட்டால் தெருக்குழாயில் தண்ணீர் நிற்கும்போது சம்ப் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்படும்.

இரண்டு, பிரஷர் பம்ப். யாரும் திறக்காதபோதும் அது சில நிமிடத்துக்கு ஒரு முறை "டுர்ர்" என்று ஓடி நின்றால், எங்கோ அழுத்தம் கசிகிறது. பம்பின் டெலிவரி வால்வை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூடிய பிறகு பம்ப் அமைதியாக இருந்தால் கசிவு வீட்டுக்குள்ளே. பெரும்பாலும் ஃபிளஷ் டேங்க். மூடிய பிறகும் ஓடினால் கோளாறு பம்ப் பக்கம். நான் ரிட்டர்ன் வால்வு விடுகிறது. ஒரு குழாயைத் திறந்ததும் பம்ப் "டக் டக்" என்று விடாமல் ஓடி ஓடி நின்றால், அதோடு இணைந்த சிறு அழுத்தத் தொட்டியில் காற்று இறங்கியிருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல் அதன் வால்வு வழியாக நிரப்பலாம். பம்பை நிறுத்தி, தண்ணீரை முழுவதும் வடித்த பிறகே நிரப்ப வேண்டும்.

வெந்நீர் லைனின் சத்தம்

வெந்நீர் திறந்ததும் "டிக் டிக்" என்று சுவருக்குள் கேட்டு, சற்று நேரத்தில் அடங்கி, குழாய் ஆறும்போது மறுபடி கேட்டால் அது குழாய் நீண்டு சுருங்கும் சத்தம். 10 மீட்டர் சி.பி.வி.சி. குழாய் 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 25 மி.மீ. நீளும், ஓர் அங்குலம். அதே இரும்புக் குழாய் 5 மி.மீ.தான் நீளும். இறுக்கிப் பூசிய சுவரில் அந்த ஓர் அங்குலத்துக்கு இடம் இல்லாதபோது குழாய் உரசி உரசி நகர்கிறது. வெந்நீர் லைனுக்குக் கிளாம்ப் குழாயைத் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது. சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சற்றுப் பெரிய குழாய்த் துண்டை உறையாக வைக்க வேண்டும். நீண்ட நேர் ஓட்டத்தில் ஒரு வளைவு கொடுக்க வேண்டும். வீடு கட்டுபவர் சரக்கு எடுக்க வரும்போதே இதைச் சொல்லிவிட்டால் பின்னால் புகார் வராது.

கூடவே இன்னொன்று: சாதாரண பி.வி.சி. குழாய் 45 டிகிரிக்கு மேல் ஆகாது. சி.பி.வி.சி.யும் சூட்டில் பலம் குறையும். எஸ்.டி.ஆர். 11 வகை 23 டிகிரியில் 28 கிலோ அழுத்தம் தாங்கும். 82 டிகிரியில் 7 கிலோதான். பில் போடும்போது "எந்த லைனுக்கு?" என்று கேட்டுவிடுங்கள்.

கீசருக்குள்ளிருந்தே கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது போல் இரைச்சல் வந்தால் அது உப்புப் படிவு. போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு, எலிமென்ட் மேல் ஓடுபோல் படிந்து, அடியில் சிக்கிய தண்ணீர் குமிழியிட்டு வெடிக்கிறது. எலிமென்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பெனி மெக்கானிக்கைத்தான் அனுப்ப வேண்டும்.

இங்கிலாந்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்த நம் உறுப்பினர்கள் அங்கே வீட்டையே வெந்நீரால் சூடாக்கும் முறையைப் பார்த்திருப்பார்கள். பாய்லரில் காய்ந்த தண்ணீரை ஒரு சிறு பம்ப் எல்லா அறைகளுக்கும் சுற்றி அனுப்பும். அறைக்கு அறை தகடு போன்ற ரேடியேட்டர் இருக்கும். அங்கும் புகார்கள் இவையேதான். பாய்லரில் சுண்ணாம்பு படிந்தால் கெட்டில் இரைச்சல். மரத்தளத்தின் சட்டங்களில் குழாய் இறுகினால் டிக் டிக். ரேடியேட்டரில் காற்று சிக்கினால் கொளகொள. பம்பின் வேகத்தைக் கூட்டி வைத்தால் குழாய் முழுவதும் அதிர்வு. அங்கே கடைக்காரரும் மெக்கானிக்கும் முதலில் கேட்பதும் "எப்போது?" என்பதைத்தான். ஊர் மாறினாலும் தண்ணீரின் குணம் மாறுவதில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சேமிப்பு கீசரில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். சில வீடுகளில் அது கீசர் காயும்போது சொட்டும், சில சமயம் "உஸ்" என்று சத்தமிடும். வீட்டுக்காரர் கடைக்கு வந்து "அரை இஞ்ச் டம்மி ஒண்ணு கொடுங்க" என்பார். நாம் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அந்த டம்மியை அவர் சேஃப்டி வால்வு இருந்த இடத்தில் போட்டு அடைத்துவிட்டால், அவர் வீட்டுக் குளியலறையில் ஒரு வெடிகுண்டைத் தொங்கவிட்டதாக அர்த்தம்.

தண்ணீர் சூடேறினால் பெருகும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் அரை லிட்டருக்கு மேல் கூடுகிறது. சாதாரணமாக அது வந்த லைனிலேயே பின்வாங்கித் தொட்டிக்குப் போய்விடும். லைனில் நான் ரிட்டர்ன் வால்வு இருந்தால் பின்வாங்க வழியில்லை. ஆகவே சேஃப்டி வால்வு வழியே சொட்டுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது. அதை அடைத்த நிலையில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒரு நாள் பழுதானால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக முடியாமல் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். டேங்க் கிழியும்போது அது ஒரே நொடியில் ஆவியாகப் பொங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் கேட்கும்.

காயும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால் அந்தச் சொட்டை ஒரு டியூப் வழியாக வடிகாலுக்கு விடச் சொல்லுங்கள். எந்நேரமும் ஒழுகினால் லைன் அழுத்தம் அதிகம், அல்லது வால்வில் தூசு. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போடலாம், அல்லது அதே அளவுள்ள புதிய சேஃப்டி வால்வை மாற்றலாம். டம்மி கேட்டு வருபவரிடம் "எதுக்குங்க?" என்று கேளுங்கள். "கீசருக்கு" என்றால் கொடுக்காதீர்கள். பத்து ரூபாய் வியாபாரம் போனால் போகட்டும்.

கடையில் வைத்திருக்க வேண்டியவை

எல்லா அளவிலும் வாஷர்கள், ரப்பர் வைத்த கிளாம்ப், மோட்டார் ரப்பர் பேட், ஸ்பிரிங் நான் ரிட்டர்ன் வால்வு, கீசர் சேஃப்டி வால்வு ஆகியவை இருப்பில் இருக்க வேண்டும். இவற்றோடு ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வையுங்கள். அதைப் பழகிய பிளம்பருக்கு இரவல் கொடுங்கள். குழாயில் மாட்டிப் பார்த்தால் ஊகத்துக்கு இடமில்லை. வீட்டுக்கு 2 கிலோ அழுத்தம் தாராளம். 4 கிலோவுக்கு மேல் காட்டினால் சத்தத்துக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

பிளம்பரிடம் கருவி வேறு இல்லாவிட்டாலும் நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். நுனியைக் குழாயில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினால் எந்த இடத்தில் சத்தம் பலமாக இருக்கிறது என்று தெரியும். பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் எந்தக் கிளையில் கோளாறு என்பது பிடிபடும். ஓடுகின்ற மோட்டாரின் சுழலும் பாகத்தருகில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

இளம் பிளம்பர்களுக்கு இவற்றைக் கற்றுக் கொடுப்பதும் நம் கடமை. நம் சரக்கு நன்றாக உழைக்கிறதா என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. "எப்போது சத்தம் வருகிறது என்று எழுதிக்கொண்டு வா" என்று அவர்களைப் பழக்கினால், நான்கு நடை அலைவது ஒரு நடையாகும்.

இன்று மோட்டாரும் வால்வும் செல்போனில் பட்டனை அழுத்தினால் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. விலையும் சில நேரம் நம்மைவிடக் குறைவு. அந்த விலைக்கு நம்மால் எப்போதும் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் "ஓடும்போதா, நிற்கும்போதா?" என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு, ஐயாயிரம் ரூபாய்க்குப் பதில் ஐந்து ரூபாய் வாஷரைக் கொடுத்தனுப்ப நம்மால் முடியும். அந்த ஐந்து ரூபாயில் லாபம் ஒன்றுமில்லை. அடுத்து அவர் வீடு கட்டும்போது முழுச் சரக்குக்கும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடைக்கு வருவார் என்பதை நம் உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.